நாயோடு ஏற்காடு ஏறுகிறவர்கள் அதை ஒரு பிராண்டாக்க நினைத்தால்

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் சேலத்து நாய் வளர்ப்பு வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "நாளைக்கு நாயை ஏற்காடு கூட்டிட்டுப் போலாமா? எங்க விடுவாங்க?" வரும் பதில் "தாராளமா போலாம் ப்ரோ", இல்லையென்றால் ஒரு கட்டைவிரல். எந்த வளைவில் நிறுத்தலாம், எந்தத் தோட்டத்தில் கேட்டு நுழைய வேண்டும், எந்த மாதம் நாயை மண்ணில் மூக்கு வைக்க விடக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை. நாயோடு மலை ஏறுவதை யூடியூப், இன்ஸ்டாகிராம் பக்கமாக நடத்த நினைத்தால், உங்களுக்கான வேலை அங்கேதான் இருக்கிறது.

பனிமூட்டத்தில் நாய் நிற்கும் படத்துக்கு லைக் விழும், மறுநாள் மறந்துபோகும். ஆகவே கணக்கு தொடங்குமுன் ஒரே ஒரு வாக்கியம் எழுதி வையுங்கள்: யாருக்கு, எந்தச் சிக்கலைத் தீர்த்துக் கொடுக்கப் போகிறோம்? "நாய்ப் பிரியர்களுக்கான பக்கம்" என்று எழுதினால் எதுவும் எழுதாத மாதிரிதான். "சேலம், நாமக்கல் பக்கம் சிப்பிப்பாறை, ராஜபாளையம் நாட்டு நாய் வளர்க்கிறவர்கள் அதற்குக் கெடுதல் இல்லாமல் மலை நடக்க" என்று எழுதினால், அடுத்து எடுக்கும் ஒவ்வொரு வீடியோவையும் அதில் வைத்து உரசிப் பார்க்கலாம். ஒட்டாததை வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள்.

பெயர் விஷயத்தில் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, நாயின் பெயரையே வைப்பது. நடுத்தர உடல் நாய் 10 முதல் 13 வருடம் இருக்கும். எட்டு வயதுக்கு மேல் மலையேற்றம் குறையும். பக்கம் வளர்ந்து நிற்கும் நேரத்தில் நாய்க்கு முழங்கால் வலி வந்திருக்கும். அதை இழுத்துக்கொண்டு மேலே போவதா, பக்கத்தை மூடுவதா என்ற இடத்தில் உங்களை நீங்களே நிறுத்திக்கொள்ள வேண்டாம். செய்யும் வேலையை, நடக்கும் பாதையைச் சொல்லும் பெயர் போதும். "ஏற்காடு" என்ற சொல்லை மட்டும் தனி உரிமையாகப் பதிவு செய்ய முடியாது, ஊர்ப்பெயர் யாருக்கும் சொந்தமில்லை. அதோடு உங்களுக்கே உரிய இன்னொரு சொல் சேர வேண்டும்.

தமிழ்ப் பெயருக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. "நாய்" என்பதையே ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒரு 'ஏ' போட்டு எழுதுவார், இன்னொருவர் இரண்டு போடுவார், மூன்றாமவர் கடைசியில் 'ஒய்' போடுவார். 'ழ' வந்தால் கதை முடிந்தது. நினைத்த பெயரைப் போனில் ஒரே ஒரு தடவை சொல்லி, எதிரில் இருப்பவரைத் தேடச் சொல்லுங்கள். ஐந்து பேரில் நான்கு பேர் சரியாகத் தட்டினால் வைத்துக்கொள்ளலாம். பிறகு யூடியூப், இன்ஸ்டாகிராம், இணைய முகவரி மூன்றிலும் அதே எழுத்துக்கூட்டு காலியாக இருக்கிறதா பாருங்கள். வணிகக்குறி (டிரேட்மார்க்) பதிவேட்டின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். அங்கே பொருளும் சேவையும் வகுப்பு வாரியாகப் பிரிந்திருக்கும்: 18-ஆம் வகுப்பில் கழுத்துப்பட்டை, கயிறு, 31-இல் தீவனம், 35-இல் விளம்பரம், விற்பனை, 41-இல் வீடியோ, பொழுதுபோக்கு. தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் வகுப்புக்கு 4,500 ரூபாய். முதல் நாளே கட்ட வேண்டியதில்லை. தேடாமல் பெயர் வைப்பதுதான் ஆபத்து.

இனி மலை. பார்ப்பவர் உங்களை நம்புவதும் நம்பாததும் இந்த விவரங்களில்தான் தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். ஊர் இருப்பது ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில். முதல் தடவை கூட்டிப்போகும் நாய் பாதி வழியில் எச்சில் வடிக்க ஆரம்பிக்கும், உதட்டை நக்கும், திரும்பத் திரும்பக் கொட்டாவி விடும். அடுத்து வாந்திதான். கிளம்புவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். முந்தைய வாரங்களில் பழக்கம் வேண்டும்: முதலில் எஞ்சின் ஓடாத காரில் பத்து நிமிடம் உட்காருவது, பிறகு அடிவாரம் வரை போய்த் திரும்புவது, பிறகு நான்கைந்து வளைவு ஏறி இறங்குவது. இந்தப் படிகளை அப்படியே நான்கு குட்டி வீடியோவாகப் போட்டால், மேலே எடுக்கும் காட்சிகளை விட இதைத்தான் அதிகம் பேர் சேமித்து வைத்துக்கொள்வார்கள். அப்படியும் வாந்தி நிற்கவில்லை என்றால் கால்நடை மருத்துவர் எடைக்குத் தகுந்த மாத்திரை எழுதித் தருவார். வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ எதற்காகவும் நாய்க்குக் கூடாது.

காருக்குள் நாய் பின் இருக்கையில், மார்பைச் சுற்றும் ஹார்னஸில், சீட் பெல்ட் கொக்கியோடு. கழுத்துப்பட்டையில் மாட்டினால் திடீர் பிரேக்கில் முழு விசையும் குரல்வளையில் விழும். ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டி, காது பறக்கும் காட்சி ரீல்ஸில் நன்றாகத்தான் இருக்கும். எதிரே பஸ் உரசிக்கொண்டு திரும்பும் வளைவில் அதை எடுக்காதீர்கள். மூன்று விரல் அகலம் கண்ணாடி இறங்கியிருந்தால் காற்று போதும். பைக்கில் டேங்க் மேல் நாயை உட்கார வைத்து ஏறும் வீடியோவைப் பற்றி என் கருத்து: அந்த ஒரு வீடியோவுக்காகவே அந்தப் பக்கத்தைப் பின்தொடரக் கூடாது.

நேரம் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில் மேலே குளிராக இருந்தாலும், திரும்பி இறங்கும்போது அடிவாரத்தில் வெயில் கொளுத்தும். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வையுங்கள். உங்களால் முடியவில்லையென்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. நாயின் இயல்பான உடல் வெப்பமே ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் அவசரம். எச்சில் கெட்டியாகி, ஈறு செங்கல் நிறமாகி, நடை தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். கோடை விழா நடக்கும் மே மாதத்துக் கூட்டத்தில் நாயோடு போகவே வேண்டாம். வாகனங்கள் வரிசையில் நிற்க, நாய் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

மேலே போனதும் எங்கே நடப்பது? காப்புக்காட்டுக்குள் நாயைக் கொண்டுபோகாதீர்கள், அனுமதி என்ற விஷயத்தைத் தாண்டி இதற்குக் காரணம் உண்டு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காட்டெருமை உண்டு. நாய் குரைத்துக்கொண்டு ஓடும், காட்டெருமை திரும்பும், நாய் உங்களை நோக்கியே ஓடிவரும். பின்னால் என்ன வருகிறது என்று சொல்லவேண்டியதில்லை. அதோடு வீட்டு நாயிடமிருந்து டிஸ்டெம்பர் போன்ற நோய் காட்டு விலங்குகளுக்குத் தொற்றும். சேர்வராயன் கோவில் வாசலிலும் நாயைப் படமெடுக்க வேண்டாம். கும்பிட வந்தவர்களைச் சங்கடப்படுத்தித் தேடும் பார்வை எண்ணிக்கை எதற்கு?

காப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் தனியார் இடம். கேட் திறந்து கிடந்தாலும் மேஸ்திரியிடமோ ரைட்டரிடமோ (தோட்டத்துக் கணக்கர்) கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். கேட்கும்போதே இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். "மருந்து அடிச்சிருக்காங்களா?" என்பது முதலாவது. மழைக்கு முன்னால் காப்பிச் செடிக்குப் போர்டோ கலவை அடிப்பார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. இலையில் நீலம் பூத்திருக்கும். அந்த இலையில் உரசிய ரோமத்தை நாய் வீட்டுக்கு வந்து நக்கும். இரண்டாவது, "களத்துல பழம் காயுதா?" நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அறுவடைக் காலம். காயவைத்த காப்பிப் பழத்தையும் கொட்டையையும் சில நாய்கள் விரும்பித் தின்னும். காஃபீன் நாய்க்கு விஷம்: முதலில் அமைதியில்லாமல் அலையும், பிறகு நடுக்கம், படபடப்பு, வலிப்பு. பழம் கழுவிய தண்ணீர் நிற்கும் குழி பக்கமும் விடக்கூடாது.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் வேட்டைக்கு வளர்ந்த இனங்கள். ஒரு முயல் குறுக்கே ஓடினால் நீங்கள் இரண்டு வருடம் சொல்லிக் கொடுத்த "வா" எல்லாம் காற்றில் போகும். கழற்றி விட்டு ஓடும் காட்சி வேண்டுமென்றால் ஐந்து மீட்டர் நீளக் கயிற்றில் எடுங்கள். ராஜபாளையம் வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு, அவற்றுக்குக் கைச்சைகை பழக்க வேண்டும். இதையே ஒரு தொடராகப் போடலாம். 2005-இல் அஞ்சல் துறை ராஜபாளையத்துக்குத் தபால்தலை வெளியிட்டது, ஆனால் காது கேட்காத ராஜபாளையத்தை எப்படிக் கூப்பிடுவது என்று தமிழில் சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது.

வீடு திரும்பியதும் உண்ணி பார்க்கிற வீடியோ கட்டாயம் வேண்டும். காது மடிப்பு, கால்விரல் இடுக்கு, அக்குள், வாலடி, கழுத்துப்பட்டைக்கு அடியில் என்று இந்த ஐந்து இடங்களையும் விரலால் எதிர் ரோமமாகத் தடவுங்கள். மிளகு அளவு தட்டுப்பட்டால் முனை மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, ஊதுபத்தியால் சுடுவது எல்லாம் உண்ணியைத் தன் வயிற்றில் இருப்பதை நாயின் ரத்தத்துக்குள் கக்க வைக்கும். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சாப்பாடு வெறுப்பு, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம், காப்பி நிறச் சிறுநீர் தெரிந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இப்படி ஒரு வீடியோவை ஐந்து வருடம் கழித்தும் ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்குத் தேடி வருவார்.

படப்பிடிப்பு பற்றி இனிச் சுருக்கமாக. போனை நாயின் கண் உயரத்துக்கு இறக்குங்கள். முழங்கால் போட சோம்பல் என்றால் போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையோரம் வந்துவிடும். ஓடும் நாய்க்கு ஷட்டர் வேகம் 1/800 விநாடியை விட மெதுவாக இருக்கக் கூடாது. மெதுவாகக் காட்டும் காட்சிக்கு விநாடிக்கு 60 ஃபிரேம். வெள்ளை நாய் நிழலில் நின்றால் போன் பின்னணியைப் பார்த்து அளவெடுத்து நாயை வெளிறடித்துவிடும், அதனால் திரையில் நாயின் உடம்பைத் தொட்டு ஒளியைப் பூட்டிவிடுங்கள். ஏ.சி. காரிலிருந்து மலையின் ஈரக் காற்றில் போனை எடுத்ததும் லென்ஸில் ஆவி படியும்; பனிமூட்டம் அழகாக விழுந்திருக்கிறது என்று நினைத்து எடுத்த பாதி, வெறும் லென்ஸ் ஆவிதான். கடைசி நான்கு கிலோமீட்டர் ஏ.சி.யை நிறுத்தி ஜன்னலை இறக்கினால் இது வராது. பேச்சுக்கு ரோமக் கவசம் போட்ட, சட்டையில் குத்தும் மைக் வேண்டும். ஏற்காட்டின் பகோடா பாயின்ட் பக்கக் காற்றில் போன் மைக்கில் ஒரு சொல்லும் புரியாது.

எடுக்கும் நேரத்தில் நாய் தலையைத் திருப்பிக்கொள்கிறதா, கண்ணின் வெள்ளை பிறையாகத் தெரிகிறதா, வால் காலிடுக்கில் போகிறதா? அன்றைக்கு அவ்வளவுதான். இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிறுத்தி எடுக்காதீர்கள்.

ஒரு நடைக்கு ஒரு எட்டு நிமிட வீடியோவும், அதிலிருந்து நாற்பது விநாடித் துண்டுகள் மூன்றும் போதுமானது. தானாக விழும் தமிழ் எழுத்துகளை நம்பாதீர்கள். "உண்ணி" என்பதை "உன்னி" என்று போட்டுவிடும், தேடுபவருக்கு அகப்படாது. ஒவ்வொரு இடத்தின் கீழும் கடைசியாகச் சரிபார்த்த தேதியை எழுதுங்கள். போன வருடம் நாயை விட்ட விடுதி இந்த வருடம் விடாது. குடும்பத்தோடு நாயையும் கூட்டிக்கொண்டு ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் நின்றவர், அதற்குப் பிறகு உங்கள் பக்கம் வரமாட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போன் போட்டுக் கேட்டு, தேதியை மாற்றுவது அலுப்பான வேலைதான். ஆனால் வேறு யாரும் செய்யாத வேலையும் அதுவே.

பணம். யூடியூப் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும், அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். இதை மட்டும் நம்பினால் நாய்க்குத் தீவனம் கூடத் தேறாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீவன, ஷாம்பு நிறுவனங்களின் பொருள் வந்தால், அது இலவசமாக வந்ததாக இருந்தாலும் "விளம்பரம்" என்று வீடியோவிலேயே தெரியும்படி சொல்ல வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்தில் ஒளித்து வைப்பதை 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டி ஏற்பதில்லை. தவறான விளம்பரத்துக்குப் பேசுபவருக்கும் 10 லட்சம் வரை அபராதம் உண்டு. வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாக வாங்கி வைத்துக்கொண்டால் 2022 ஜூலை முதல் 10 சதவீத டி.டி.எஸ். (கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி) உண்டு. விளம்பர வீடியோவில் சினிமாப் பாட்டைப் போடாதீர்கள். சொந்த ரீல்ஸுக்குக் கிடைக்கும் பாட்டு உரிமை விளம்பரத்துக்குச் செல்லாது. நிறுவனத்துக்காக நாயை நடிக்கவைத்து விளம்பரப் படமே எடுப்பதானால், 2001-ஆம் ஆண்டின் நடிக்கும் விலங்குகள் பதிவு விதிகளின்படி விலங்கு நல வாரிய அனுமதி வேண்டும்.

சொந்தப் பொருள் என்றால் கயிற்றிலிருந்து தொடங்குவது நல்லது. தின்பண்டம் பூசணம் பிடிக்கும், சட்டை அளவு பொருந்தாமல் திரும்பி வரும், கயிறு கெடாது. 25 மில்லிமீட்டர் நைலான் பட்டை எடுங்கள். முடிந்த நீளம் ஒன்றரை மீட்டர் வர, கைப்பிடி மடிப்பும் கொக்கிப் பக்க மடிப்பும் சேர்த்து 1.85 மீட்டர் வெட்ட வேண்டும். வெட்டிய முனையை மெழுகுவத்தித் தீயில் உருக்கி, நூல் பிரியாமல் அழுத்துங்கள். மடிப்பின் மேல் நான்கு சென்டிமீட்டர் பெட்டித் தையல், நடுவில் குறுக்காக ஒரு பெருக்கல் குறி. இதை இரண்டு தடவை ஓட்ட வேண்டும். நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் மழையிலும் எச்சிலிலும் ஆறு மாதத்தில் இற்றுப்போகும். வீட்டுத் தையல் மெஷினில் 18-ஆம் எண் ஊசி போட்டால் மூன்று அடுக்கு போகும், நான்காவது அடுக்கில் ஊசி உடையும். அதைத் தோல் வேலை செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கயிறு அறுந்தது என்று வரும் புகார்களில் பெரும்பாலும் பட்டை அறுவதில்லை; கொக்கி சுழலும் கழுத்தில் முறியும். பளபளவென்று மலிவாகக் கிடைப்பது துத்தநாக வார்ப்பு, உள்ளே நுரைத்திருக்கும், எச்சரிக்காமல் முறியும். எஃகோ பித்தளையோ வாங்குங்கள். வளையம் பற்றவைத்ததாக இருக்க வேண்டும், வாய் பிளந்ததாக இருக்கக் கூடாது. சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம்: 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்றைக் கட்டி ஒரு ராத்திரி விட்டத்தில் தொங்கவிடுங்கள். காலையில் தையல் துளைகள் நீண்டிருந்தால் அந்தத் தையல்காரரை மாற்றுங்கள். தொங்கும் மூட்டையையே வீடியோவாகப் போட்டால் வேறு விளம்பரம் தேவைப்படாது. முதல் தவணை 20 கயிறு, 200 வேண்டாம்.

பார்சலுக்கு எடையை விட அளவு முக்கியம். கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுக்கும். 25, 20, 5 அளவுப் பெட்டி அரை கிலோவாகக் கணக்காகும், உள்ளே 150 கிராம் கயிறு இருந்தாலும். தட்டையான உறை போதும். பொட்டலத்தின் மேல் உங்கள் பெயர், முகவரி, விலை, எண்ணிக்கை, தயாரித்த மாதமும் வருடமும், புகார் எண் இருக்க வேண்டும். பெங்களூருக்கு ஒரு கயிறு அனுப்பினாலும் மாநிலம் தாண்டிய பொருள் விற்பனைக்கு ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், தமிழ்நாட்டுக்குள் சிறிய அளவில் விற்கும்வரை அந்தத் தொல்லை இல்லை. அதனால் முதல் ஆறு மாதம் "தமிழ்நாட்டுக்குள் மட்டும்" என்று எழுதிவிடுங்கள். கைக்குட்டை போல நாய் கழுத்தில் கட்டும் துணி விற்க ஆசைப்பட்டால் சேலம் பக்கத்து ஊரான இளம்பிள்ளையின் தறிகளில் மிஞ்சும் துணியில் 55 சென்டிமீட்டர் சதுரம் வெட்டிப் பாருங்கள். ஜரிகை வேண்டாம், நாய் மெல்லும்.

வருமானத்தில் ஒரு பங்கு தெருநாய் கருத்தடைக்கோ தடுப்பூசிக்கோ போகும் என்று அறிவிப்பது பழகிவிட்டது. "லாபத்தில் ஒரு பகுதி" என்று சொல்லாதீர்கள், அது பூஜ்யமாகவும் இருக்கலாம். "கயிறு ஒன்றுக்கு 30 ரூபாய்" என்று சொல்லி மாதக் கடைசியில் ரசீதைப் போடுங்கள். சொந்த கூகுள்பே எண்ணில் நன்கொடை வசூலிக்க வேண்டாம். பதிவு பெற்ற அமைப்பின் கணக்கு விவரத்தைக் கொடுத்து, நேராக அங்கே அனுப்பச் சொல்லுங்கள். பணமே செலவில்லாத ஒன்றும் இருக்கிறது: கடிபட்டவர் புண்ணைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை வருடம் முழுக்கப் பக்கத்தின் உச்சியில் வைப்பது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் வைத்துக் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பக்கம் கொஞ்சம் வளர்ந்ததும் எந்த வீடியோ போட்டாலும் முதல் கருத்து இதுவாகத்தான் இருக்கும்: "குட்டி இருக்கா ப்ரோ, என்ன ரேட்டு?" ஒருவருக்கு எண் கொடுத்தால் அடுத்த வாரம் நீங்கள் குட்டித் தரகர். பதிலை இப்போதே எழுதிச் சேமித்து வையுங்கள்: "நாங்க குட்டி விக்கறதில்லைங்க. வாங்கறதா இருந்தா எட்டு வாரத்துக்குக் குறைஞ்ச குட்டிய விக்கவே கூடாதுன்னு 2017 விதி இருக்கு. தாயை நேர்ல பாத்துட்டு வாங்குங்க. வளக்கறவரு பதிவு செஞ்சிருக்காரான்னு கேளுங்க. காட்ட மாட்டேன்னா வண்டிய திருப்புங்க."